எட்டுப் பேருக்குக் காய்ச்சல்

ஜூலை 1

இந்த டைரி பொங்கலுக்கு உரக்கடைக்காரர் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் யூரியாவைப் பற்றி ஒரு வரி அச்சடித்திருக்கிறார்கள். ஆறு மாதமாக டி.வி. மேல் கிடந்ததை இன்று எடுக்கக் காரணம் டாக்டர். பிரஷர் ஏறிவிட்டதாம். "கத்துறதக் குறைங்க சார். மனசுல உள்ளத எழுதிப் பாருங்க" என்றார். நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவனைக் கத்தாதே என்றால் எப்படி? இருந்தாலும் எழுதுகிறேன். மாத்திரையைவிட இது கசப்புக் குறைவு.

பாளையங்கோட்டை நீலத்தாமரை நீச்சல் கழகத்தின் பெண்கள் அணியும் இன்று முதல் என் தலையில். பதினான்கு வருடமாகப் பையன்களைத் தண்ணீரில் தள்ளிக்கொண்டிருந்த ஆறுமுகநயினாராகிய நான், இனி எட்டுப் பெண்பிள்ளைகளையும் தள்ள வேண்டும். இதுவரை அவர்களைப் பார்த்துக்கொண்ட மெர்சி டீச்சர் கல்யாணமாகி பஹ்ரைன் போகிறார். வருகைப் பதிவேட்டை என் கையில் கொடுத்து, "காச்சல்னு போட்டிருந்தா ஒண்ணும் கேக்காதீங்க சார், விட்டுருங்க" என்றார்.

ஒழுங்கீனம் எங்கே தொடங்கியிருக்கிறது என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது.

ஜூலை 4

அணியில் ஒரு பிள்ளை இருக்கிறாள். ஜெபக்கனி, பதினொன்றாம் வகுப்பு, பைக் மெக்கானிக் தங்கதுரையின் மகள். நூறு மீட்டர் பட்டர்ஃபிளை அடிக்கிறாள் பாருங்கள், என் பையன்கள் நால்வர் வெட்கப்பட்டுக் கரையேறினார்கள். ஆகஸ்ட் 24, 25 சென்னையில் மாநிலப் போட்டி. முதல் மூன்று பேருக்குள் வந்தால் தேசியப் போட்டி. தேசியப் போட்டிக்குப் போனால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி. போகாவிட்டால் இந்த வருடத்தோடு நீச்சலை நிறுத்திவிடுவேன் என்று அவள் அப்பா சொல்லியிருக்கிறாராம். இதை அவள் சொல்லவில்லை. அவள் எதையும் சொல்ல மாட்டாள். பேச்சியம்மாள் சொன்னாள். பதினான்கு வயது, எட்டுப் பேருக்கும் சேர்த்து அவள்தான் வாய்.

ஜூலை 9

ஒரு கண்டுபிடிப்பு. பதிவேட்டை உட்கார்ந்து படித்தேன். ஆறு மாதத்தில் பையன்களில் ஒருவனுக்குத்தான் காய்ச்சல், அதுவும் பரீட்சைக் காய்ச்சல். பெண்பிள்ளைகளுக்கோ எட்டுப் பேருக்கும், ஒவ்வொரு மாதமும், மூன்று நாள் நான்கு நாள். ஒருத்தி எழுந்தால் இன்னொருத்தி படுக்கிறாள். முறை வைத்து வருகிற இப்படி ஒரு காய்ச்சலை மருத்துவ உலகம் கவனிக்கவில்லை. நான் கவனித்துவிட்டேன்.

பெண்கள் உடைமாற்றும் அறைக்கு மேலே இருக்கிற தண்ணீர்த் தொட்டிமேல் சந்தேகம் விழுந்தது. ஏறிப் பார்த்தேன். உள்ளே ஒரு தவளை. பிடித்தாயிற்று குற்றவாளியை.

ஜூலை 12

தவளை போன பிறகும் உலகேஸ்வரிக்குக் காய்ச்சல். குளத்துத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினேன். முடிவு வரும்வரை சும்மா இருக்க முடியுமா? குளோரினைக் கூட்டினேன். பையன்கள் எல்லாரும் கண் சிவந்து, விடியவிடியக் கச்சேரி கேட்டவர்கள்போல் வீட்டுக்குப் போனார்கள்.

ஜூலை 15

நிலவேம்பு. ஏன் இது முன்பே தோன்றவில்லை! காலையில் நானே அடுப்படியில் நின்று காய்ச்சினேன். என் மனைவி பிரம்மசக்தி மாவரைத்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு இம்புட்டு?"

"பொம்பளப் பிள்ளைகளுக்கு. காச்சல் வருதுல்லா."

"எல்லாருக்குமா?"

"முறை வச்சு வருது."

அவள் கிரைண்டர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. இருமல் போலிருக்கிறது. அவளுக்கும் ஒரு டம்ளர் கொடுத்துவிட்டு வந்தேன்.

குளத்தில் எட்டுப் பேரையும் வரிசையாக நிறுத்தி ஊற்றினேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பேச்சியம்மாள் எதையோ சொல்ல வாயைத் திறந்தாள், ஜெபக்கனி அவள் காலை மிதித்தாள். பிறகு எட்டுப் பேரும் மூச்சுவிடாமல் குடித்தார்கள். இவ்வளவு பணிவை என் பையன்களிடம் நான் கண்டதில்லை.

ஜூலை 18

பரிசோதனை முடிவு வந்தது. தண்ணீரில் ஒரு குறையும் இல்லையாம். தவளையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

ஜூலை 22

தொட்டி இல்லை, தண்ணீர் இல்லை, நிலவேம்புக்கும் மசியவில்லை. அப்படியென்றால் என்ன மிஞ்சுகிறது? பொய்தான். தெர்மாமீட்டர் வாங்கிவிட்டேன். இனிமேல் காய்ச்சல் என்கிறவர்கள் வாயைத் திறந்து காட்டிவிட்டுத்தான் உட்கார முடியும்.

ஜூலை 27

சனிக்கிழமை. ஜெபக்கனி உடைமாற்றாமல் ஓரமாக வந்து நின்று, "காச்சல் சார்" என்றாள். போட்டிக்கு நான்கே வாரம். தெர்மாமீட்டரை வைத்தேன். தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு. எனக்கே அதைவிடக் கூட இருக்கும். இரண்டு வார்த்தை சொன்னேன். பக்கத்துத் தடத்தில் இருந்த பையன்கள் சிரித்தார்கள். நகைச்சுவை எனக்கு இயல்பாக வரும். அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

டாக்டர் கவனிக்க: நான் கத்தவில்லை.

ஜூலை 30

ஜெபக்கனி வரவில்லை. நேற்றும் வரவில்லை. முந்தாநாளும் வரவில்லை. வீம்பு. வருவாள்.

ஆகஸ்ட் 1

வரவில்லை. மற்ற ஏழு பேரும் வருகிறார்கள், சொன்னதைச் செய்கிறார்கள், என் முகத்தைப் பார்ப்பதில்லை. பேச்சியம்மாள்கூடப் பேசவில்லை. இவ்வளவு அமைதியான குளத்தில் நான் இதுவரை நின்றதில்லை, பிரஷர் குறைந்திருக்க வேண்டும். கூடியிருக்கிறது.

போட்டிக்குப் பெயர் கொடுக்க ஐந்தாம் தேதி கடைசி. பட்டர்ஃபிளைக்கு நேரே இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 2

எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதாவிட்டால் இன்னும் கூச்சம்.

சாப்பிடும்போது பிரம்மசக்தியிடம் புலம்பினேன். பதிவேட்டை வீட்டுக்கே கொண்டுவந்திருந்தேன். "பாரு, இந்த ஜெபக்கனிக்கு ஜூன் ஒண்ணாம் தேதி காச்சல். அப்புறம் ஜூன் இருவத்தொம்பது. அப்புறம் ஜூலை இருவத்தேழு. கணக்குப் போட்டா சரியா இருவத்தெட்டு நாளு. பொய் சொல்லுதவ கொஞ்சம் மாத்தியாவது சொல்ல வேண்டாமா?"

அவள் கையில் ரசக் கரண்டி அப்படியே நின்றது.

"ஏங்க, நெசமாவே காச்சல்னா நெனச்சீங்க?"

"பின்னே?"

"நான் என்னமோ நீங்க மறைச்சு நாசூக்காப் பேசுதீங்கன்னுல்லா நெனச்சேன்! வயித்துவலிக்குக் கசாயம் குடுக்குதாரு, பரவால்லையே மனுசன்னு எங்க அக்காட்ட போன்ல பெருமையா வேற சொல்லிட்டேன்."

அதற்குமேல் அவளால் நிற்க முடியவில்லை. தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள்.

மாதவிலக்கு. எழுதிவிட்டேன். அடியில் யூரியா இடும் பருவம் பற்றி ஒரு வரி இருக்கிறது, அதுபாட்டுக்கு இருக்கட்டும்.

"தெரியாதுன்னு சொல்லாதீங்க" என்றாள் சிரிப்பு நின்றதும். "எனக்கு மாசாமாசம் தலவலி வருமே, பதினேழு வருசமா தைலம் வாங்கியாந்து தாறீங்களே, அது என்ன தலவலின்னு நெனச்சீங்க?"

"ஒத்தத் தலவலின்னு நெனச்சேன்."

இதற்கு அவள் சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அலமாரியைத் திறந்து பார்த்தேன். பிரிக்காத தைலக் குப்பி பதினொன்று இருந்தது.

எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் வந்துவிடாமல் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 3

அன்றைக்கு இரண்டு வார்த்தை சொன்னேன் என்று எழுதியிருக்கிறேன். என்ன வார்த்தை என்று எழுதவில்லை. எழுதிவிடுகிறேன்.

"காச்சல் எங்க இருக்கு? எல்லாரும் பாக்கட்டும், காட்டு."

பையன்களின் முன்னால். பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள். அவர்கள் என் நகைச்சுவைக்குச் சிரிக்கவில்லை. அங்கே விஷயம் தெரியாதவன் நான் ஒருவன்தான்.

ஆகஸ்ட் 5

பிரம்மசக்தியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஜெபக்கனி வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா எஸ்தர், பிரம்மசக்தியை அடுப்படிக்குக் கூட்டிப்போனார். நானும் தங்கதுரையும் கடலை மிட்டாய்த் தட்டுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். என் வண்டி என்ன மைலேஜ் கொடுக்கிறது என்று கேட்டார். சொன்னேன். அவர் வண்டி கொடுப்பதை அவர் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பிள்ளைக்கு மாசாமாசம் காச்சல் வருது சார். ஒரு எக்ஸ்ரே எடுத்துரலாமான்னு பாக்கேன்."

அவருக்கு நிஜமாகவே தெரியாதா, என்னைப்போல்தானா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் மிட்டாயைப் பார்த்தார். நானும் மிட்டாயைப் பார்த்தேன். "எக்ஸ்ரே வேண்டாம்" என்று மட்டும் சொன்னேன். ஊருக்கு இரண்டு வீரர்கள்.

ஜெபக்கனி வந்து கதவோரம் நின்றாள். வரும்வழியெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். "அன்னைக்கு நான் பேசினது தப்பு. நாளைக்கு வா" என்பது மட்டும்தான் வெளியே வந்தது. அவள் என்னைப் பார்த்து, "வாரேன் சார்" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

திரும்பும்போது சமாதானபுரம் ரவுண்டானாவில் பிரம்மசக்தி பின்னாலிருந்து சொன்னாள்: "அவ ஏன் வரலைன்னு நெனச்சீங்க? நீங்க பேசுனதுக்கு மட்டுமில்ல. கணக்குப் போட்டுப் பாருங்க. ஜூலை இருவத்தேழோட இருவத்தெட்டு நாளக் கூட்டுங்க."

ஆகஸ்ட் 24. அவளுடைய பந்தயம் 25. இரண்டாம் நாள். ஒரு டவுன் பஸ் என்னைத் திட்டிவிட்டுப் போனது.

பெயரை எழுதி அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 7

அவள் நேற்றே வந்துவிட்டாள். ஒன்பது நாள் போனது போனதுதான். கடைசி இருபத்தைந்து மீட்டரில் தோள் தூக்க மாட்டேன் என்கிறது.

பிரம்மசக்தி பெயரை எழுதிக் கொடுத்தனுப்பினாள்: டாம்பன், இல்லாவிட்டால் கப். உள்ளே வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கலாமாம். முதல் மெடிக்கலில் "இங்க அதெல்லாம் போகாது சார்" என்றார்கள். இரண்டாவது கடையில் சீட்டைப் படித்தவர் அதைக் கீழே போட்டுவிட்டு உள்ளே இருந்த பெண்ணைக் கூப்பிட்டார். மூன்றாவது கடையில் இருந்தது. அங்கிருந்த பெண் "யாருக்கு சார்?" என்றார். பதற்றத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன்: "எட்டுப் பேருக்கு."

அவர் அதைப் பேப்பரில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டு, அந்தக் கவரை இன்னொரு கவரில் போட்டுக் கொடுத்தார். நாட்டு வெடிகுண்டைக்கூட யாரும் இவ்வளவு பத்திரமாகக் கட்டித் தரமாட்டார்கள்.

ஆகஸ்ட் 10

பிரம்மசக்தி ஒரு லேடி டாக்டரோடு குளத்துக்கு வந்து, எட்டுப் பேரையும் உடைமாற்றும் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வெளியே வாட்ச்மேன். ஒன்றரை மணி நேரம். முதலில் அமைதி, பிறகு குசுகுசு, பிறகு பேச்சியம்மாளின் குரல்: "அப்போ அது உள்ள போயி தொலைஞ்சிராதா டாக்டர்?" பிறகு எட்டுப் பேரின் சிரிப்பு. என்னைப் பற்றியும் சிரித்திருப்பார்கள். நிலவேம்பு என்ற சொல் இரண்டு தடவை காதில் விழுந்தது.

வெளியே வந்த டாக்டர் எனக்கும் ஐந்து நிமிடம் பாடம் எடுத்தார். நீந்தக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. வலி பொறுக்கிற அளவு இருந்தால் நீந்தலாம். நாளைத் தள்ளிப்போட மாத்திரை உண்டு, ஆனால் டாக்டரைக் கேட்காமல் கண்டபடி விழுங்கக் கூடாது. டாம்பன் என்றால் நேரத்துக்கு மாற்ற வேண்டும். சாதாரண நாப்கினோடு மட்டும் தண்ணீரில் இறங்கவே கூடாது, தண்ணீரைக் குடித்து ஊதிவிடும். நான் தலையாட்டித் தலையாட்டி உரக்கடை டைரியில் குறித்துக்கொண்டதைப் பார்த்து, "நீங்க நல்ல ஸ்டூடன்ட் சார்" என்றார். நாற்பத்தாறு வயதில்.

ஆகஸ்ட் 12

டாம்பனுக்கு ஐந்து பிள்ளைகள் வீட்டில் சரி என்றுவிட்டார்கள், இரண்டு வீட்டில் யோசிக்கிறார்கள். எஸ்தர் முடியாது என்றுவிட்டார். "கல்யாணம் ஆகாத பிள்ள. நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்லுவா? டாக்டரு வந்து சொல்லுவாங்களா?" பிரம்மசக்தி பேசிப் பார்த்தாள், டாக்டர் போனில் பேசினார். அசையவில்லை. வேண்டியவள் ஒருத்திக்குத்தான் வழி இல்லை. மாத்திரையும் ஜெபக்கனிக்கு ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இன்று கத்தினேன். வெறும் குளத்தைப் பார்த்து, யாரும் இல்லாதபோது.

ஆகஸ்ட் 14

ஜெபக்கனியே பேசினாள். முதல் தடவையாக, என் எதிரே நின்று, தரையைப் பார்க்காமல்.

"சார், ஒண்ணும் வைக்காமலே நீந்திருவேன். டாக்டர்ட்ட கேட்டுட்டேன். தண்ணிக்குள்ள அவ்வளவா தெரியாதாம். ஒண்ணேகால் நிமிசந்தான பந்தயம். கடைசி நிமிசம் வரைக்கும் நாப்கின் இருக்கும், எடுத்துட்டு குதிச்சிருவேன்."

"அப்போ என்ன பிரச்சினை?"

"ஏறினப்புறம் சார். ரூம் வரைக்கும் நடக்கணும். கேலரி பூரா ஆளு."

குளத்தின் கடைசிப் படியிலிருந்து உடைமாற்றும் அறைக்கு நம் கழகத்தில் முப்பத்தாறு அடி. சென்னையில் அறுபது இருக்கும். இந்த அறுபது அடிக்குப் பயந்துதான் இத்தனை பிள்ளைகள் மாதம் நான்கு நாள் கரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். தண்ணீருக்குப் பயந்து அல்ல, தரைக்குப் பயந்து. நான் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பியவன்.

ஆகஸ்ட் 16

கைலி. கருநீலக் கைலி, முழு நீளம். படி ஏறுவதற்கு முன்பே இடுப்பில் சுற்றிக்கொள்ள வேண்டியது. அவள் ஒருத்தி மட்டும் கட்டினால் ஊருக்கே தெரியும். ஆகையால் எட்டுப் பேரும். பெண்பிள்ளைகள் மட்டும் கட்டினாலும் தெரியும். ஆகையால் பையன்களும்.

பையன்கள் கலகம் செய்தார்கள். "கைலி கட்டிட்டு மெட்ராஸ் போனா சிரிப்பாங்க சார்" என்றார்கள். "போன மாசம் நீங்க சிரிச்சீங்கள்லா, இப்ப உங்க முறை" என்றேன். ஆளுக்கு ஒரு கைலியை எடுத்துக்கொண்டார்கள். நானும் கட்டிக்கொள்ளப் போகிறேன். நான்தான் முதலில் வாயைத் திறந்தவன்.

ஆகஸ்ட் 21

கைலி ஒத்திகை. பேச்சியம்மாள் தடுக்கி விழுந்தாள். நான் இரண்டு தடவை.

ஆகஸ்ட் 25, சென்னை

காலையில் ஜெபக்கனி வந்து, "ரெண்டாம் நாளு சார். நல்லா வலிக்கி. ஆனா இறங்குதேன்" என்றாள். காய்ச்சல் என்று சொல்லவில்லை. நான் என்ன சொல்ல வேண்டும் என்று தெரியாமல், "திரும்பும்போது ரெண்டு கையும் சேர்ந்து சுவத்தத் தொடணும்" என்றேன். "தெரியும் சார்" என்றாள்.

தகுதிச் சுற்றில் ஐந்தாவதாக வந்தாள். நீரிலிருந்து ஏறும்போது பேச்சியம்மாள் கைலியோடு தயாராக நின்றாள். அவர்களுக்குப் பின்னால் எங்கள் அணி மொத்தமும் கைலியில். மதுரைக்காரர்கள், "பரோட்டாக்கடை டீம் வருது" என்றார்கள். ஒரு நடுவர் என்னைப் பார்த்து, "என்ன சார் இது?" என்றார். "எங்க கழக யூனிஃபார்ம்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கைலியில் எனக்குக் கம்பீரம் போதாது.

மாலையில் இறுதிச் சுற்று. எழுபத்தைந்து மீட்டர் வரை மூன்றாவது. கத்தினேன், பிரஷர் டாக்டர் மன்னிக்கட்டும், தொண்டை கிழியக் கத்தினேன். கடைசிப் பத்து மீட்டரில் தோள் விழுந்துவிட்டது. மூன்றாவது வந்த பெண் 1:13.42. ஜெபக்கனி 1:13.90.

நான்காவது.

கைலியைச் சுற்றிக்கொண்டு ஏறினாள், அறுபது அடியும் தலை நிமிர்ந்து நடந்தாள். அறைக்குள் போய்த்தான் அழுதாள் என்று பேச்சியம்மாள் சொன்னாள். நான் கேலரிக்குப் பின்னால் போய் நின்றேன். அங்கே என்ன செய்தேன் என்பது டைரிக்குத் தேவையில்லை.

ஆகஸ்ட் 26, திரும்பும் ரயில்

கோவில்பட்டி தாண்டும்போது நன்றாக விடிந்துவிட்டது. மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஜெபக்கனி எதிர் சீட்டில் வந்து உட்கார்ந்தாள்.

"சார், அந்த ஒம்பது நாளு தண்ணியில இருந்திருந்தா மூணாவது வந்திருப்பேன்லா?"

தோற்ற பிள்ளைகளிடம் சொல்ல ஒரு மூட்டை ஆறுதல் வைத்திருக்கிறேன். தடம் சரியில்லை, குளம் புதுசு, வயசு இருக்கிறது. பதினான்கு வருடமாக விற்ற சரக்கு. ஒன்றைக்கூட வெளியே எடுக்க முடியவில்லை.

"வந்திருப்ப" என்றேன். "என்னாலதான் போச்சு."

"தெரியும் சார். நீங்க சொல்லணும்னுதான் கேட்டேன்." சீட்டுக்கு அடியிலிருந்து பையை இழுத்துக்கொண்டே, "அப்பா ஸ்டேஷனுக்கு வருவாங்க. அவங்ககிட்டயும் சொல்லிருங்க" என்றாள்.

சொன்னேன். திருநெல்வேலி ஜங்ஷன் முதல் பிளாட்பாரத்தில், போர்ட்டர்களுக்கு நடுவில், கைலி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு சொன்னேன். எக்ஸ்ரேக்குத் தெரியாத அந்தக் காய்ச்சல் என்ன என்று பெயர் சொல்லியே சொன்னேன். அன்றைக்கு நான் பையன்கள் முன்னால் பேசியது, ஒன்பது நாள், அரை நொடி, எல்லாம். தங்கதுரைக்குக் காது சிவந்தது. எனக்கும் சிவந்திருக்கும். ஆனால் இந்தத் தடவை இரண்டு பேருக்கும் பார்ப்பதற்கு மிட்டாய்த் தட்டு எதுவும் இல்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். அடித்துவிடுவார் என்றே நினைத்தேன்.

"அடுத்த வருசமும் அனுப்பணும்னு சொல்லுதீங்க."

"ஆமா."

"நீங்கதான் சொல்லிக்குடுப்பீங்களா?"

"அத அவகிட்ட கேளுங்க."

ஜெபக்கனி என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் நான் நின்ற மாதிரி எந்த நடுவர் முன்னாலும் நின்றதில்லை.

"இவரே இருக்கட்டும்பா" என்றாள். "புதுசா ஒருத்தரப் பழக்கி எடுக்கதுக்கு இன்னும் ரெண்டு மாசம் ஆகும்."